முயலுக்கு வேர்க்காது

டிஸ்கி: நான் கால்நடை டாக்டர் கிடையாது. பொட்டி தட்டறவன். படிச்சது இஞ்சினியரிங். அதனால இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் முயல் பண்ணை ஆரம்பிச்சுடாதீங்க. இது சரித்திரப் பதிவு.

முயலுக்கு வேர்க்காது. அதாவது நம்மை மாதிரி சட்டை நனையற அளவுக்கு வேர்க்காது. உதட்டோரம் கொஞ்சம் வியர்வைச் சுரப்பி இருக்கு, அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கவும் சரியா வராது. மூக்கு வழியாத்தான் வேக வேகமா மூச்சு விடும். மிச்சம் இருக்கறது காது. நாம படத்துல பார்த்து ரசிக்கிற அந்த நீளக் காதுதான் முயலோட ரேடியேட்டர். உடம்பின் மொத்தப் பரப்புல சுமார் 12 சதவீதம் காது மட்டுமே. சூடு ஏறினா காதுல ஓடுற ரத்தக் குழாய்கள் விரியும், ரத்தம் அங்கே போய் ஆறிட்டுத் திரும்பி வரும். அமெரிக்காவில் கொன்சாலஸ், க்ளூகர், ஹார்டி என்று மூணு பேர் நியூசிலாந்து ஒயிட் முயலை 5 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைக்கும் அறையில் வைத்து, எந்த வழியில் எவ்வளவு சூடு வெளியே போகுதுன்னு அளந்து 1971ல் வெளியிட்டார்கள்.

ரேடியேட்டர்னு சொல்லிட்டேன் இல்லையா, அதுக்குள்ள சிக்கலும் இருக்கு. முயலின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி. வெளியே 20 டிகிரி இருந்தா காதுக்கும் காற்றுக்கும் நல்ல வித்தியாசம், சூடு கடகடன்னு போகும். வெளியே 35ன்னா வித்தியாசமே நாலு டிகிரிதான். ரேடியேட்டரில் கொதிக்கிற தண்ணியை ஊத்தின கதை.

எனக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் வரக் காரணம் என் பெரியப்பா மகன். அண்ணன் தோட்டத்துல ஷெட் போட்டு முயல் வளர்க்கிறார். ஒரு மே மாசத்துல நாலு நாளைக்குள்ள ஏழு முயல் போயிடுச்சு. அதுல மூணு சினை. போன் பண்ணி, "டேய் தம்பி, எந்நேரமும் இண்டர்நெட்டுலயே கிடக்கறியே, வெயில் தாங்கற முயல் உலகத்துல எங்கியாச்சும் இருக்கான்னு பார்த்துச் சொல்றா" என்றார். பார்க்க ஆரம்பிச்சேன். அது எகிப்துல கொண்டு போய் விட்டுச்சு.

எகிப்துக்கு முன்னாடி ஸ்பெயின். பண்ணை முயலோட பூர்வீகம் ஐபீரியத் தீபகற்பம், அதாவது இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல், அதை ஒட்டிய தெற்கு பிரான்ஸ். ரோமானியர்களுக்கு முயல் ஸ்பெயின்காரங்க சமாச்சாரம். வேளாண்மை பற்றி எழுதிய வாரோ, ஸ்பெயின் முயலைப் பத்தித் தனியாகவே சொல்றார். பலேரிக் தீவுகளில் முயல் பெருகி விளைச்சலைத் தின்று தீர்த்ததால், ஜனங்க அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் ராணுவ உதவி கேட்டதாக பிளினி எழுதி வச்சிருக்கார். (முயலுக்கு எதிரா மிலிட்டரி. நம்ம வடிவேலு காமெடிக்கே சவால்!)

ஸ்பெயினிலும் வெயில் கொளுத்தும். ஆனா காட்டு முயல் பட்டப்பகல்ல வெளியே சுத்தறதில்லை. வளைக்குள்ள படுத்திருக்கும், சாயங்காலத்துக்கு மேலதான் மேய வரும். மண்ணுக்குள்ள ரெண்டு மூணு அடி போனாலே பகல் வெயில் தெரியாது. வெயிலுக்கு அது கண்டுபிடிச்ச தீர்வு உடம்புல இல்லை, வீட்டுல இருக்கு. மனுஷன் அதைப் பிடித்து வளர்த்தப்போ வளையைப் பிடுங்கிக்கிட்டான். கம்பிக் கூண்டு கொடுத்தான். கூண்டு சுத்தமானது, நோய் குறையும், எண்ணிக்கை எடுக்கலாம், எல்லாம் சரி. மேலே தகரக் கூரை போட்டா அடுப்புதான்.

20ஆம் நூற்றாண்டுல நியூசிலாந்து ஒயிட், கலிபோர்னியன்னு ரெண்டு இனங்கள் உலகச் சந்தையைப் பிடிச்சுது. வேகமா வளரும், நிறைய குட்டி போடும். சினைக்காலம் 31 நாள்தான், தின்னுறது புல்லு, இறைச்சியில் கொழுப்பு கம்மி. ஏழை நாடுகளுக்குப் புரதம் கொடுக்க இதைவிட என்ன வேணும்னு வெப்ப நாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதி ஆச்சு. அப்படிப் போன நாடுகளில் முக்கியமானது எகிப்து.

எகிப்தில் முயல் புதுசு இல்லை. கிராமத்து வீடுகள்ல பெண்கள் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் வளர்ப்பாங்க. மொலோகியான்னு ஒரு கீரைக் குழம்பு உண்டு, முயல் போட்டு வைக்கிறது அங்கே விருந்துச் சாப்பாடு. அந்த வீட்டு முயலுக்குப் பேர் 'பலடி'. அரபியில் பலத் என்றால் நாடு, ஊர். பலடின்னா நாட்டு முயல். நாம நாட்டுக்கோழின்னு சொல்றோமே, அச்சு அசல் அதே அர்த்தம். சிவப்பு, வெள்ளை, கறுப்புன்னு மூணு நிறத்துல உண்டு. இன்னொண்ணு சினாய் பாலைவனத்து பெடோயின் மக்கள் வளர்க்கிற 'கபலி'. ஜபல் என்றால் மலை. எகிப்துக்காரங்க ஜ-வை க-ன்னு உச்சரிப்பாங்க, அதனால கபலி, மலை முயல்.

இந்த நாட்டு முயல்கள் ஈத்துக்கு ஆறு குட்டி மாதிரி போடும். வந்த வெளிநாட்டு முயல் ஊர்ல நல்லா இருந்தா எட்டு, ஒன்பது. கணக்கு போட்டா வெளிநாட்டு முயல்தான் ஜெயிக்கணும். ஜூன் வரைக்கும் ஜெயிச்சுது.

ஜூனுக்கு அப்புறம் என்ன நடந்ததுன்னு எகிப்து ஆராய்ச்சியாளர்கள் பத்தி பத்தியா எழுதி வச்சிருக்காங்க. ஸகாஸிக் பல்கலைக்கழகத்தின் மராய், கூட ரெண்டு பேரோட 2002ல் எழுதிய தொகுப்புக் கட்டுரை இதுல முக்கியமானது. சாராம்சம் இதுதான். சூடு ஏறினா முயல் முதல்ல தீனியைக் குறைக்கும். தின்னா செரிக்கணும், செரிச்சா உள்ளே சூடு பிறக்கும், அதனால. தீனி குறைஞ்சா பால் குறையும். பால் குறைஞ்சா குட்டி மெலியும், சாகும். ஆண் முயலுக்கு 30 டிகிரிக்கு மேலே தொடர்ந்து இருந்தா விந்து கெட்டுடும். புது விந்தணு முழுசா உருவாக சுமார் 50 நாள் ஆகும்கிறதால, வெயில் போன பிறகும் ஒண்ணரை மாசத்துக்குப் பாதிப்பு இழுக்கும். ஆகஸ்ட் வெயிலுக்கு அக்டோபர்ல பில் வரும்.

மராய் குழுவினர் ஒரு சூத்திரமும் கொடுத்திருக்காங்க. இஞ்சினியர் புத்தி, இதை விட மனசு வரலை. காற்றின் வெப்பநிலையிலிருந்து 14.4ஐக் கழிங்க. அதை 0.31ஆல் பெருக்குங்க. மறுபடி, காற்று எவ்வளவு வறண்டதோ அந்தப் பங்கால் பெருக்குங்க (ஈரப்பதம் 60 சதவீதம்னா 0.4). வந்த விடையை வெப்பநிலையிலிருந்து கழிச்சா ஒரு எண் கிடைக்கும். 27.8க்குக் கீழே இருந்தா முயல் நிம்மதி. 28.9 வரை மிதமான கஷ்டம். 30 வரை கடுமை. அதுக்கு மேலே மிகக் கடுமை.

போட்டுப் பாருங்க. பகல் 34 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்: கிட்டத்தட்ட 31. சிவப்பு விளக்கு. அதே இடத்துல ராத்திரி 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்: 24 சொச்சம். நிம்மதி. ராத்திரி தீனி வைன்னு பெரியவங்க சொல்றது ஏன்னு இந்த ரெண்டு வரிக் கணக்குலயே தெரிஞ்சுடுது.

இப்ப பலடி விஷயத்துக்கு வருவோம். அது எப்படித் தாங்குது? ஏதோ மாய மரபணு இருக்கும்னுதான் ஆவலா தேடினேன். கொஞ்சம் சப்புன்னு ஆயிடுச்சு. ஒரு பெரிய காரணம், பலடி சின்ன உடம்பு, கம்மியாத் தின்னும், கம்மியாப் பால் கொடுக்கும், உள்ளே பிறக்கிற சூடே கம்மி. உழைக்காதவனுக்கு ஏன் வேர்க்கப் போகுது? எட்டுக் குட்டிக்குப் பால் சுரக்கிற முயல் ஒரு சின்ன ஃபர்னஸ். அதை அடக்கி வச்சா வெயில் தாங்கும், ஆனா குட்டி கிடைக்காது. அதிக உற்பத்தியும் வெயில் தாங்குறதும் ஒரே கயிற்றின் ரெண்டு முனை. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு விடும். எகிப்துக்காரங்க கதையில எனக்குப் பிடிச்சதே, இந்தக் கயிற்றை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணாங்கங்கிறதுதான்.

அதுக்கு முன்னாடி, குறுக்கு வழியில போனவங்க கதையைச் சொல்லிடறேன். சூடு வெளியே போகாம தடுக்கிறது ரோமம்தானே, ரோமமே இல்லாத முயலை உருவாக்கினா? சிரிக்காதீங்க, அப்படி முயல் உண்டு. 1928லேயே கிஸ்லோவ்ஸ்கி என்கிற ரஷ்ய ஆய்வாளர் உடம்புல ரோமம் இல்லாத முயலைப் பத்தி எழுதினார். ஒடுங்கு மரபணு, அப்பா அம்மா ரெண்டு பக்கமிருந்தும் வந்தாதான் வெளியே தெரியும். 1933ல் அமெரிக்காவின் வில்லியம் காஸில் இதே மாதிரி முயல் பத்தி ஒரு கட்டுரை போட்டார். அவங்களுக்கு அது மரபியல் ஆர்வம், அவ்வளவுதான்.

அதை வெயிலோட முடிச்சுப் போட்டது தெற்கு டெக்சாஸ். மெக்சிகோ எல்லைக்குப் பக்கம் கிங்ஸ்வில் என்ற ஊர்ல இருக்கிற டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லூக்கஃபார். 2003ல் அவரும் இன்னொருத்தரும் முயலுக்கு முடி வெட்டி விட்டு, காது நீளத்தை அளந்து, வெயில்ல வளர்ச்சி எப்படி மாறுதுன்னு பார்த்திருக்காங்க. (ஸ்கேலும் கத்தரிக்கோலும் வச்சுப் பண்ற ஆராய்ச்சி. எனக்கு மரியாதை கூடிப் போச்சு.) அப்புறம் ரோமமில்லா மரபணுவையே கறி முயலுக்குள்ள கொண்டு வந்து, அது தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குது, வளர்ச்சியும் வெயில் தாங்குறதும் எப்படின்னு 2006ல் அவர் குழு வெளியிட்டது.

ஐடியா கேட்க நல்லா இருக்கு. ஆனா முயல் ஈனுறதுக்கு முன்னாடி என்ன பண்ணும் தெரியுமா? தன் வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். குட்டிகள் பிறக்கும்போது வெறும் தோல். அந்த அம்மா ரோமத்துக்குள்ள புதைஞ்சுதான் முதல் ரெண்டு வாரம் பிழைக்குது. அம்மாவுக்கே ரோமம் இல்லைன்னா? கோடைக்கு வழி பண்ணப் போய் குட்டிக்குக் குளிர். ஒரே ஒரு மரபணுவைத் தட்டி விட்டுப் பிரச்னையை முடிக்கலாம்கிற ஆசை எங்க தொழில்லயும் உண்டு. ஒரு வரியை மாத்துவோம், வேற எங்கியோ மூணு இடத்துல உடையும்.

சரி, எகிப்து. இந்தக் கதைக்கு ஸ்பெயின்லேருந்து இன்னொரு பாத்திரம் வேணும். வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் பசேல்கா, பிளாஸ்கோ முதலானவர்கள் 1980களின் தொடக்கத்தில் 'வி லைன்' என்று ஒரு முயல் வரிசையை ஆரம்பிச்சாங்க. அதிகம் குட்டி போடுற தாய் வரிசைகள் நாலைக் கலந்து, அதுக்கப்புறம் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஒரு கேள்விதான்: பால் மறக்கும்போது எத்தனை குட்டி உயிரோட இருக்கு? அதுல மேலே நிக்கிற குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறை. இப்படியே வருஷக்கணக்கா. கேள்வியை மாத்தவே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்னு சொல்வோமே, அந்தப் பிடிவாதம் இங்கே வரமா வேலை செஞ்சிருக்கு.

1990களின் இறுதியில் இந்த வி லைன் எகிப்துக்கு வந்துது. 2000ல் சவுதி அரேபியாவில் அல் கசீம் பகுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. அதுல முக்கியமானவர் மஹர் கலீல், எகிப்தின் பென்ஹா பல்கலைக்கழகத்துக்காரர். வி லைனையும் அரேபிய கபலி முயலையும் கலந்து சவுதி-2, சவுதி-3ன்னு ரெண்டு புது வரிசை. சவுதி-2ல் முக்கால் பங்கு வி, கால் பங்கு கபலி. சவுதி-3ல் அப்படியே தலைகீழ். எந்த விகிதம் சரின்னு தெரியலையா, ரெண்டையும் ஓட்டிப் பார்த்துடுவோம்!

எகிப்துக்குள்ள மூணு இடத்துல மூணு வரிசை உருவாச்சு. பென்ஹா பல்கலைக்கழகத்தின் மொஷ்தொஹோர் வளாகத்தில் வி லைனும் சினாய் கபலியும் சேர்ந்து 'மொஷ்தொஹோர்'. கெய்ரோ பக்கம் தொக்கியில் இருக்கிற கால்நடை உற்பத்தி ஆராய்ச்சி நிலையத்துல வி லைனும் சிவப்பு பலடியும் சேர்ந்து 'ஏப்ரி'. நிலையத்தோட ஆங்கிலப் பேரின் முதலெழுத்துக்கள்தான் அது. அலெக்சாண்ட்ரியா பல்கலைக்கழகத்தில் வி லைனும் கறுப்பு பலடியும் சேர்ந்து 'அலெக்சாண்ட்ரியா'.

கலப்பினம்தானே, இதுல என்ன இருக்குன்னு தோணலாம். கலப்பினம் எல்லாரும் பண்றதுதான். வெளிநாட்டு ஆண், உள்ளூர் பெட்டை, முதல் தலைமுறை அமோகமா இருக்கும். ஆனா அடுத்த வருஷம்? மறுபடி வெளிநாட்டுக்குப் போய் வாங்கணும். கிராமத்துல பத்து முயல் வளர்க்கிற அம்மாவால முடியுமா? இவங்க பண்ணது வேற. கலந்த பிறகு கதவைச் சாத்திட்டாங்க. கலப்புக்குள்ளயே இனம் சேர்த்து, அதுலயே தேர்ந்தெடுத்து, தனி வரிசையா நிலைநிறுத்தினாங்க. முதல் கலப்புல கிடைச்ச கூடுதல் வீரியத்துல பாதி அப்புறமும் தங்கும். வளர்க்கிறவங்க தங்கள் குட்டியிலிருந்தே அடுத்த குட்டியை எடுத்துக்கலாம்.

தேர்வுக்கு என்ன அளந்தாங்க? உடம்பு வெப்பநிலையா, மூச்சு வேகமா? இல்லை. மொஷ்தொஹோரில் பால் மறக்கும்போது ஈத்தின் மொத்த எடை, அப்புறம் 56 நாள்ல ஒவ்வொரு குட்டியோட எடை. அலெக்சாண்ட்ரியாவுல பால் மறந்த பிறகு தினசரி எடைக் கூடுதல். வெயில்ங்கிற வார்த்தையே அந்தப் பட்டியல்ல கிடையாது!

முதல்ல இதைப் படிச்சப்போ குழம்பிப் போனேன். வெயில் தாங்குற முயல் வேணும்னுட்டு வெயிலை அளக்கலைன்னா எப்படி? ரெண்டு டீ குடிச்சப்புறம்தான் உறைச்சுது. ஈத்தின் எடைங்கிறது ஒரு எண்தான், ஆனா அதுக்குள்ள எல்லாமே இருக்கு. அம்மா தின்னுச்சா, பால் இருந்துச்சா, குட்டி பிழைச்சுதா. அதை எங்கே அளக்கிறோம்கிறதுதான் விஷயம். வலென்சியாவுல அளந்தா வலென்சியாவுக்கு ஏத்த முயல் மேலே வரும். எகிப்துல அளந்தா எகிப்துக்கு ஏத்தது மேலே வரும். டெஸ்ட் சர்வர்ல சூப்பரா ஓடின கோடு ப்ரொடக்ஷன்ல படுத்துக்கறதைப் பார்க்காத சாஃப்ட்வேர்காரன் உண்டா? கலீல் கோஷ்டி தேர்வை நேரா ப்ரொடக்ஷன்லயே நடத்தியிருக்காங்க.

நம்ம ஊர் இங்கே ஞாபகம் வந்தா தப்பில்லை. மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிறுவனத்தோட தென் மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ல இருக்கு. அங்கே ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்கள் வளர்க்கிறாங்க. அந்தக் குளிரில் அந்த இனங்கள் செழிக்கிறது நியாயம். ஆனா மலை மேலே தேர்ந்தெடுத்த முயல் அடிவாரத்து சித்திரை வெயிலுக்குப் பதில் சொல்லும்னு எதிர்பார்க்க முடியாது. அது அந்த மையத்தோட குறை இல்லை, இடத்தோட குணம்.

எகிப்து முறையிலும் ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லணும். அங்கே பல பண்ணைகள்ல கோடையில இனம் சேர்க்கிறதையே நிறுத்திடுவாங்க. செப்டம்பர் அக்டோபர்ல ஆரம்பிச்சு மே வரைக்கும்தான் சீசன். முயலைக் காப்பாத்த அது சரி. ஆனா ஈத்தே இல்லாத மாசத்துக்கு ஈத்தின் எடை எங்கேயிருந்து வரும்? மிக மோசமான மூணு மாசம் கணக்குப் புத்தகத்துலயே ஏறாது. மீதி மாசங்களின் அரைகுறை வெயில்தான் தேர்வு நடத்துது. இருந்தும் வலென்சியாவை விட இது எவ்வளவோ மேல்ங்கிறது என் கட்சி.

இன்னொரு கவலை, புது வரிசை நல்லா ஓட ஓட பழைய பலடிக்கும் கபலிக்கும் என்ன ஆகும்? கலக்கிறதுக்குச் சுத்தமான நாட்டு முயல் வேணும். கலந்ததே எல்லா இடத்துலயும் பரவிட்டா, அடுத்த தடவை கலக்க எதுவும் மிச்சம் இருக்காது. 2002லேயே மத்தியதரைக் கடல் நாடுகளின் முயல் இனங்களை எல்லாம் பட்டியல் போட்டு ஒரு புத்தகம் வந்துது. தொகுத்தவங்க யாருன்னா கலீலும் பசேல்காவும்தான். கலக்கிறவங்களுக்கே அந்த பயம் இருந்திருக்குன்னு நான் நினைச்சுக்கறேன்.

இதுக்கிடையில இத்தாலியின் விட்டர்போவில் அலெஸாண்ட்ரோ ஃபின்ஸின்னு ஒரு பேராசிரியர் முயலை மாத்தாம வீட்டை மாத்தப் பார்த்தார். கூண்டை ஒரு குழாய் வழியா மண்ணுக்குள்ள ஒரு சின்ன அறையோட இணைச்சுடறது. வெயில் ஏறினா முயல் தானாவே கீழே போயிடும். துனிசியா கிராமத்துப் பழைய வழக்கம் இது, அவர் அதைச் செப்பனிட்டார். ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு முயலுக்கு வளையைத் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் :-)

கடைசியா வந்த செய்தி மறுபடி ஸ்பெயின், வலென்சியாவுக்குத் தெற்கே எல்ச்சே. அங்கே அதிகக் குட்டியைத் தேடாம வேற ஒண்ணைத் தேடினாங்க. ஒரே முயல் ஒரு ஈத்துல பத்து, அடுத்ததுல மூணு, அப்புறம் ஒன்பதுன்னு தள்ளாடுதா, இல்லை ஏழு, எட்டு, ஏழுன்னு நிதானமா போடுதா? தள்ளாடுற குடும்பம் ஒரு பக்கம், நிதானமான குடும்பம் இன்னொரு பக்கம்னு தலைமுறை தலைமுறையாப் பிரிச்சுட்டே போனாங்க. 2017ல் பிளாஸ்கோவும் மரியா லூஸ் கார்சியா, மரியா ஹோசே அர்ஹெந்தே முதலானவர்களும் வெளியிட்ட முடிவு, இந்த நிதானம் மரபுவழி இறங்குது, தேர்ந்தெடுக்க முடியும்கிறது. நிதானமான வரிசை மன அழுத்தத்தையும் நோயையும் மேலாகச் சமாளிக்குதுன்னு அடுத்தடுத்த ஆய்வுகள் சொல்லுது. ஈத்துக் குறிப்பேடு ஒழுங்கா எழுதற எந்தப் பண்ணையிலும் கையால கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். தெர்மாமீட்டர்கூட வேண்டாம்.

கொசுறு: நியூசிலாந்து ஒயிட் முயலுக்கும் நியூசிலாந்துக்கும் பேர்ப் பொருத்தம்தான். உருவானது அமெரிக்காவில்.